ஆற்றில் விட்ட துணியும் அடுப்பில் வைத்த உலையும்

ஆடி அமாவாசை அன்று பாபநாசம் படித்துறையில் விடியுமுன்னே கால் வைக்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், பரிகாரம் கழிப்பவர்கள் ஒரு பக்கம், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு முழுக்குப் போட வந்தவர்கள் இன்னொரு பக்கம். முழுகி எழுந்தவர் உடுத்தியிருந்த வேட்டியையோ சேலையையோ தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகிறார். பிடித்த பீடை துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி எங்கேயும் போவதில்லை. நாலடி தள்ளிப் பாறை இடுக்கில் சிக்கி, வண்டல் ஏறி, கயிறாக முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அடுத்து இறங்குகிறவரின் காலைச் சுற்றுகிறது. துப்புரவுப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் டன் கணக்கில் வாரிக் கரையில் குவித்தும் ஆண்டுதோறும் அது சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் என்று நான்கு மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இந்த ஆற்றை நம்பி இருக்கின்றன. பாபநாசத்தில் ஒருவர் கழற்றிவிட்ட பீடை, கீழே ஏதோ ஓர் ஊரில் இன்னொருவர் வீட்டுக் குடத்துக்குப் போகிறது. இந்த ஆற்றில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து பார்க்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

பரிகாரத்துக்கு வருகிறவர்களைக் கேலி செய்வது சுலபம். அது நியாயமும் அல்ல. சொகுசாக இருக்கிறவர் யாரும் விடிகாலையில் குளிர்ந்த ஆற்றில் ஈரத்துணியோடு நிற்பதில்லை. கல்யாணம் தட்டிப்போகிற பெண்ணின் தகப்பன், ஆஸ்பத்திரிச் செலவில் நொடித்துப்போன குடும்பம், கடனில் கடையை மூடியவர் என்று பட்டவர்கள்தான் வருகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் குறை இல்லை. அந்த நம்பிக்கைக்கு வேலை கொடுக்காமல், ஒரு முழுக்கோடு முடித்து அனுப்பிவிடுகிறோமே, அதுதான் குறை. கஷ்டகாலத்தில் கடவுளை நம்புவது என்றால் நம் சுமையை எங்கேயாவது இறக்கிவைப்பது என்று ஆகிவிட்டது. இதே ஆற்றங்கரையின் கதைகளும் வரலாறும் வேறு ஒன்றைச் சொல்கின்றன. இங்கே கடவுளை நம்பியவர்கள், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அடுத்தவர் சுமையில் ஒரு பங்கைத் தூக்கியிருக்கிறார்கள்.

பசுவின் பின்னால் போனவர்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பெரியவர்களிடம் கேட்டால் கன்னடியன் கால்வாயின் கதையைச் சொல்வார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும், முதுகெலும்பு ஒன்றுதான். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவருக்கு, நோய் தீர்ந்த அரசன் பெரும் பொருள் கொடுக்கிறான். அதை ஓர் அர்ச்சகரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் பொதிகைக்கு அகத்தியரைத் தேடிப் போகிறார். திரும்பி வந்தால், பொன் இருந்த இடத்தில் துவரம் பருப்பு. வழக்கு, பொய்ச் சத்தியம், தெய்வ தண்டனை எல்லாம் முடிந்து பொருள் கைக்கு வருகிறது. அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டவருக்கு அகத்தியர் சொன்ன பதில், ஒரு பசுவின் பின்னால் போ என்பது. பசு நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்ட வேண்டும், நிற்கிற இடத்தில் மடை வைக்க வேண்டும், படுக்கிற இடத்தில் குளம் எடுக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்ட மனிதனுக்கு இப்படி ஓர் உத்தரவு வருகிறது. ஏன் எனக்கு இப்படி நடந்தது என்ற கேள்விக்குக் கதையில் விடையே இல்லை. அவர் மண்வெட்டிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பசுவின் பின்னால் போகிறார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஊரை வைத்துக் கன்னடியன் என்றே ஆகிவிட்டார். கதை நடந்ததோ இல்லையோ, கால்வாய் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை என்று ஓடி, சுமார் 12,500 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. வெள்ளநீரை வறண்ட சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கொண்டுபோக வெட்டிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயும் இந்தக் கன்னடியன் கால்வாயிலிருந்துதான் பிரிகிறது.

சேரன்மாதேவியில் இதே கால்வாய்க் கரையில் மிளகுப் பிள்ளையார் இருக்கிறார். மழை பொய்த்தால் மிளகை அரைத்து அவர் மேனியில் பூசி அபிஷேகம் செய்வார்கள். அந்த நீர் கால்வாயில் சேர்ந்தால் மழை வரும் என்பது ஐதீகம். வேண்டுதலும் கால்வாயும் இங்கே ஒன்றையொன்று ஒட்டியே இருந்திருக்கின்றன. மிளகு அரைத்தவர்களே அடுத்த வாரம் மண்வெட்டியோடு குடிமராமத்துக்கும் போனார்கள். வேண்டுதலை வைத்துக்கொண்டு மண்வெட்டியை விட்டது பிற்காலத்தில் நடந்தது.

டோனாவூரின் இரவுகள்

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், களக்காட்டுக்குத் தெற்கே டோனாவூர். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது 1896-ல். ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வதுதான் அவர் எடுத்துக்கொண்ட பணி. கூட ஒரு பெண்கள் குழு. 1901 மார்ச்சில், தாமிரபரணியின் கடைமடைப் பகுதியான பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அந்த ஆண்டே குழு டோனாவூருக்கு மாறியது. 1904 முதல் பச்சைக் குழந்தைகள் வரத் தொடங்கின.

பச்சைக் குழந்தை வந்தால் பிரசங்கப் பயணம் நின்றுபோகும். பால் காய்ச்ச வேண்டும், இரவில் மூன்று முறை எழுந்திருக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும், பேதி கண்டால் மாட்டு வண்டி கட்டி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நெய்யூரில் குழந்தைகளுக்கென்று ஒரு வீடு எடுத்து, பொன்னம்மாள் என்ற இளம் விதவையின் பொறுப்பில் விட்டார்கள். அப்படியும் சில குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆத்துமாவைத் தேடி வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்ற பேச்சு அவருடைய சொந்த வட்டாரத்திலேயே எழுந்தது. கண் முன்னால் வந்து நிற்கும் வேலைதான் தனக்கிட்ட கட்டளை என்று அவர் எடுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அவர் 'அம்மா' ஆனார்.

1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் இருட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 ஜனவரி 18-ல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓர் அறைக்குள்தான் வாழ்க்கை. படுக்கையிலிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், இல்லத்தின் நிர்வாகத்தைப் பார்த்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகள் குடிக்கத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தார்கள்.

இந்து சமூகத்தைப் பற்றி அவர் எழுதியதில் கடுமை உண்டு. அன்றே எதிர்ப்பும் வந்தது. அந்த விமர்சனத்தை மறைக்க வேண்டியதில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டம் போட்டு ஒழித்ததில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல ஆண்டுப் போராட்டத்துக்கே பெரும் பங்கு. அந்தச் சட்டம் 1947-ல்தான் வந்தது. ஆனால் சட்டம் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், நடுச்சாமத்தில் அழுத குழந்தைக்குப் பால் புகட்ட யாரோ ஒருவர் விழித்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் 1890-களில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் தொடங்கிய ஆஸ்க்வித், ஸ்வெய்ன்சன் என்ற இரு பெண்களின் கதையும் இதே ரகம்தான். வேறு வேலைக்கு வந்தவர்கள், வாசலில் நின்ற பிள்ளைகளுக்காக நின்றுவிட்டார்கள்.

எதற்குக் கீழ்ப்படிவது?

கீழ்ப்படிதல் என்ற சொல்லைக் கேட்டதும் சந்தேகப்படுகிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. கடவுளின் பெயரைச் சொல்லி நம் ஊரில் எதற்கெல்லாம் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் இதே கரையில்தான் பதிவாகியிருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தேசியக் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. தேச விடுதலை, தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு என்று உயர்ந்த நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தும்விட்டது. அங்கே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனிப் பந்தி என்று தெரிந்ததும் தமிழ்நாடே கொதித்தது. பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். ஐயருக்குத் தனிப்பட்ட முறையில் எல்லோரோடும் சமமாக உட்கார்ந்து சாப்பிடுவதில் தடை இல்லை. அந்தச் சிறுவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாகவே அவர் நினைத்தார். சில மாதங்களில், 1925 ஜூனில், பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து அவரும் மாண்டார்.

மகளுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த அவ்வளவு பெரிய மனிதர், இரண்டு இலைகளைத் தள்ளிப் போடுவது பற்றிய ஒரு வாக்கை உடைக்கத் தயங்கினார். குருகுலம் எழவேயில்லை. சாஸ்திரத்துக்கும் வழக்கத்துக்கும் கட்டுப்படுவதைப் பக்தி என்று சொல்லிக்கொள்ளலாம். அது யாரைப் பந்தியிலிருந்து தள்ளி உட்கார வைக்கிறது என்று பார்த்தால், அந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

2023 டிசம்பர் 17

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னால் செய்துங்கநல்லூர் வரை பாதையில் வெள்ளம். தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய், இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ரயிலை மேலே விடாமல் நிறுத்திய நிலைய மேலாளர் ஜாபர் அலியைப் பின்னால் நாடே பாராட்டியது. உள்ளே சுமார் 800 பயணிகள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் உபரிநீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து வர, ஆறு கரையை மறந்தது.

பயணிகளில் ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குமேல் சாலை இல்லை. நிலையத்திலேயே மாட்டிக்கொண்ட ஏறத்தாழ 500 பேருக்கு முதலில் வந்தது ஹெலிகாப்டர் அல்ல, பக்கத்திலிருக்கும் புதுக்குடிக் கிராமத்து மக்கள். அவர்களுடைய ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான். கடைக்குப் போய் வாங்க வழி இல்லை. வீட்டுக்கு வீடு இருந்த அரிசியையும் காய்கறியையும் சேர்த்து, ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டி உலை வைத்தார்கள். யார் எந்த ஊர், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை. டிசம்பர் 19-ல் மீட்புப் படையினர் வந்து எல்லோரையும் வெளியே கொண்டுபோய், வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் ஏற்றி அனுப்பும் வரை புதுக்குடியின் சோறுதான் கை கொடுத்தது. அந்த நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் முழுக்கவே இதுதான் நடந்தது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன; கடலோர மீனவர்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

புதுக்குடியில் இது எப்படி முடிந்தது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல மனசு மட்டும் இருந்தால் ஐநூறு பேருக்குச் சோறு வெந்துவிடாது. தென்மாவட்டங்களில் ஊர்க் கோயில் என்றால் கொடைக்கு என்று வாங்கிய அண்டா, குண்டான், சட்டுவம் இருக்கும். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளக்காமலே ஊற்றுகிற கை இருக்கும். எந்த வீட்டில் விறகு நனையாமல் கிடக்கிறது, எந்த வீட்டில் பால்மாடு நிற்கிறது என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சாமிக்கென்று ஊர் கூடிச் சமைத்துச் சமைத்துப் படிந்த பழக்கம் அது. ஆபத்து வந்த அன்று யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது, அண்டாவைத் தூக்கி அடுப்பில் வைத்துவிடலாம்.

வள்ளலார் இதைப் புரிந்துகொண்டவர். பஞ்சத்தின் சுவடு ஆறாத 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இரக்கம் வரும்போது சமைப்போம் என்று விட்டிருந்தால் அது ஒரு வாரம்கூட எரிந்திருக்காது. இரக்கம் வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும் என்று வைத்ததால்தான் நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. நம்பிக்கை தளர்கிற நாளிலும் அரிசி களைந்துதான் ஆக வேண்டும் என்பதே அங்கே ஒழுங்கு.

வழிபாட்டு இடங்களே இப்படி அடுப்பு மூட்ட வேண்டும் என்றால் இரண்டு மறுப்புகள் வரும். நிவாரணம் அரசின் கடமை, பக்தர்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பது ஒன்று. கடமை அரசுடையதுதான். அணை திறப்பு பற்றிய முன்னறிவிப்பு, குளங்களின் கரை, ஆற்றுப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்கு அரசைக் கேட்காமல் யாரைக் கேட்பது? ஆனால் சாலை துண்டித்துப் போன முதல் இரண்டு நாட்களில் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்தான் உதவ முடியும் என்பதை 2023 காட்டிவிட்டது. அந்தத் தூரத்துக்குள் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. மதத்தின் கை நீட்டும் உதவியில் மறைமுக நோக்கம் உண்டு என்பது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவம் தழுவியதையும், அது ஆன்மாவின் தேட்டமா வயிற்றின் தேட்டமா என்று அன்றே நடந்த வாதத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். இன்றைக்கு நிவாரணப் பொட்டலத்தின் மேல் படம் ஒட்டுவதும், தன் ஆட்களுக்கு மட்டும் டோக்கன் கொடுப்பதும் எல்லா மதத்திலும் கட்சியிலும் உண்டு. நிபந்தனை வைத்துக் கொடுப்பது வியாபாரம். கடவுளை நம்பிக் கொடுக்கிறவர் பதிலுக்கு ஆள் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் கணக்கையும் கடவுளிடமே விட்டுவிடலாம்.

ஆக, செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. பாபநாசத்தில் பரிகாரம் சொல்கிறவர்கள் மனசு வைத்தால் துணிப் பிரச்சினை இரண்டு அமாவாசையில் குறையும். பழந்துணியைக் கரையிலுள்ள தொட்டியில் போட்டுவிட்டு, வசதி உள்ளவர் ஒரு புது வேட்டியையோ போர்வையையோ கோயில் வாசலிலோ முதியோர் இல்லத்திலோ கொடுத்தால்தான் பரிகாரம் பூர்த்தி என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறநிலையத் துறையின் எச்சரிக்கைப் பலகைக்குக் கட்டுப்படாதவர்கள் அந்த வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள்.

திருச்செந்தூர்க் கோயிலில் 2021 முதல் நாள்முழுதும் அன்னதானம் நடக்கிறது. இந்தக் கரையில் வேறு பல கோயில்களிலும் மதிய அன்னதானம் உண்டு. இந்தச் சமையற்கூடங்களை வெள்ளக் காலத்தின் ஊர் அடுப்புகள் என்று மாவட்ட நிர்வாகம் இப்போதே எழுத்தில் அறிவிக்கலாம். பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சி அண்டாக்களும், அசன விருந்து வைக்கும் தேவாலயங்களின் பாத்திரங்களும் அதே பட்டியலில் வரட்டும். சாவி யாரிடம், சமைப்பவர் யார், ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்ற விவரம் கிராம நிர்வாக அலுவலரிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன்னால் புரட்டாசியிலேயே ஊர்க்கூட்டம் போட்டால் ஊர்க் கணக்கில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: இரண்டு மூட்டை அரிசி, ஒரு மூட்டை பருப்பு, காய்ந்த விறகு, நாலு டார்ச், குழந்தைகளுக்குப் பால்பவுடர். எங்கே வைப்பது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஏரல், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் போன்ற தாழ்வான ஊர்களில் கோயில் மடப்பள்ளியே முதலில் முழுகிவிடலாம் என்பதால் பள்ளிக்கூட மாடியே அதற்குத் தோதான இடம்.